சங்கிலியில் ஏறிய வருடம்

"புது சிஸ்டத்துல ஒரு தடவை ஏத்தினா ஏத்தினதுதானாம். கடவுளே வந்தாலும் அழிக்க முடியாதாம்."

இந்தச் செய்தியை நூலகத்தின் உணவறைக்குக் கொண்டுவந்தவர் வேன் டிரைவர். அவருக்குச் சொன்னது தலைமை அலுவலகக் காவலாளி. காவலாளிக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த அலுவலகத்தில் எந்தச் சுற்றறிக்கையும் காவலாளியைத் தாண்டித்தான் கணினிக்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அதெப்படிங்க, டெலீட் பட்டன் இல்லாமலா இருக்கும்?" என்றார் இரவல் பிரிவுக்காரர், டிபன் பாக்ஸைத் திறந்தபடி.

"இல்லையாம் சார். பிளாக்செயினாம். நாம இங்க ஒண்ணு ஏத்தினா அதோட நகல் எல்லா ஊர் லைப்ரரிலயும் போய் உக்காந்துக்குமாம். நாம மட்டும் இங்க மாத்தினா, மத்த ஊர்க்காரன் எல்லாம் சேர்ந்து 'இவன் பொய் சொல்றான்'னு காட்டிக் குடுத்துடுவானாம்."

"அப்ப என் கல்யாணத்தை மட்டும் அதுல ஏத்திடாதீங்கப்பா. எனக்கு இன்னும் ஒரு யோசனை பாக்கி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கமா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வாயில் போட்டதை மெல்ல மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை பெரிய கதையில்லை. நூற்பட்டியல் பிரிவில் அவள் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. ஒரு புத்தகம் அலமாரிக்குப் போகும் முன்னால் அவள் மேசைக்கு வர வேண்டும். எழுதியவர் யார், எங்கே அச்சானது, எத்தனை பக்கம், எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று எல்லாவற்றையும் அவள் பதிவில் இறக்கி வைப்பாள். எந்த இடத்தில் கமா, எந்த இடத்தில் அரைப்புள்ளி என்பதற்கெல்லாம் விதி உண்டு. ஒரு கமா குறைந்தாலும் பதிவைத் திருப்பி அனுப்பிவிடுவாள். "கமா இல்லன்னா புத்தகம் என்ன படிக்க முடியாமலா போயிடும்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "பொத்தான் இல்லன்னாலும் சட்டை சட்டைதான், போட்டுட்டு வாங்களேன் ஆபீஸுக்கு" என்றாள். அன்றிலிருந்து கமா அக்கா. அவளைவிட வயதில் மூத்த தலைமை நூலகர் அம்மா கூட "எங்க நம்ம கமா?" என்றுதான் தேடுவார்.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்துவிட்டுப் போகும் சீட்டுகளைப் பேனாவால் திருத்துவாள். "சீக்கிரம் வந்துடுவேன்னு எழுதினா போதும்டி, அதுக்கு மார்க் போடாதே" என்பார் அவர்.

அவள் வேலையில் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமான வேலை ஆசிரியர் பெயர்ப் பதிவு. ஒரே பெயரில் நான்கு பேர் எழுதியிருப்பார்கள். ஒருவரோடு ஒருவர் கலந்துவிடாமல் இருக்கப் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடம் போட்டு ஒரு சிறு கோடு இழுப்பார்கள். ஆசிரியர் உயிரோடு இருக்கும்வரை கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி. இறந்தபின் அங்கே இன்னொரு வருடம் ஏறும். பிரிவில் அதற்கு 'மூடுவது' என்று பெயர். காலையில் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டே, "இவரை மூடியாச்சா அக்கா?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். வெளியாள் கேட்டால் பதறிப்போவான்.

கமா அக்கா அவசரப்பட்டு யாரையும் மூடியதில்லை. செய்தித்தாளில் வந்தாலும் இன்னொரு ஆதாரம் கேட்பாள். ஒருமுறை ஒரு பிரபல நாடக ஆசிரியர் போய்விட்டார் என்று ஊரே சொன்னபோது, "பொறுங்க, மனுஷன் எங்கயும் போயிடல" என்று மத்தியானம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் அந்த நாடக ஆசிரியரே வானொலியில் வந்து பேசினார்.

அப்படிப்பட்டவள்தான் தன் அண்ணனை மூடினாள்.

அண்ணன் அவளைவிட ஐந்து வயது மூத்தவன். லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டிடங்களில் கயிற்றில் தொங்கும் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்தவன், ஆனால் சாவென்றால் அவ்வளவு பயம். சாலையில் சவ ஊர்தி வந்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவான். "கயிறு அறுந்தா என்னடா பண்ணுவே?" என்று அம்மா கேட்டால், "அதைப் பத்தி நினைக்காம இருக்கத்தாம்மா ஸ்பானரைக் கையில வெச்சிருக்கேன்" என்பான். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட ஒரு லிஃப்டைப் பற்றி ஒரே ஒரு நாவல் எழுதினான். அந்தப் புத்தகம் நூலகத்துக்கு வந்தபோது அவன் பெயருக்குப் பதிவு போட்டவளும் அவள்தான். அன்று சாயங்காலம் அவன் அவள் மேசைக்கு வந்து திரையைப் பார்த்தான்.

"பொறந்த வருஷத்துக்கு அப்புறம் என்ன கோடு போட்டு அந்தரத்துல விட்டிருக்கே?"

"நீ உயிரோட இருக்கேன்னு அர்த்தம்."

"அட! டாக்டர்கூட இவ்வளவு தெளிவா சொன்னதில்லையே."

அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக நூலகத்துக்குப் போய்த் தன் பெயரைத் தேடிப் பார்ப்பான். பார்த்துவிட்டு அவளுக்குப் போன் போடுவான். "கோடு காலியாத்தான் இருக்கு. நான் நல்லா இருக்கேன்."

அப்பா இறந்தபோது அவன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். எல்லாம் முடிந்த பிறகுதான் இறங்கி வந்தான். அவள் சிறு பெண்ணாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். அது சின்ன வயது, போகட்டும் என்று விட்டுவிட்டாள். போன வருடம் அம்மா போனபோதும் அவன் வரவில்லை. வராமல் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். தெருமுனை வரை வந்திருக்கிறான். வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மருந்துக் கடைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போயிருக்கிறான். கடைக்காரர் இதைப் பல நாள் கழித்துத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்று முதல் அவள் அவனோடு பேசவில்லை.

போன வாரம் புது சிஸ்டத்துக்குப் பயிற்சி நடந்த அன்றுதான் முதல்முறையாக அவளாகவே அவனைக் கூப்பிட்டாள். அம்மாவின் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தேநீர் இடைவேளையில் மாடிப்படி அருகே நின்று பேசினாள்.

"ஒரே ஒரு நாள் வா. அம்மா துணிமணி, கண்ணாடி, ரேடியோ எல்லாம் அப்படியே கிடக்கு. ரெண்டு பேருமா எடுத்து வைக்கலாம்."

"நீயே முடிச்சிடேன்."

"அண்ணா, நான் ஒருத்தியா எத்தனைதான் முடிப்பேன்?"

"அந்த ரூம்ல என்னால கால் வைக்க முடியாது. புரிஞ்சுக்கோ. கட்டிலைப் பார்த்தா எனக்கு மூச்சு முட்டும்."

"உனக்கு மூச்சாவது முட்டும். அவங்களுக்கு மூச்சே நின்னப்ப நீ மருந்துக்கடைப் படியில உக்காந்திருந்தே."

படியேறி வந்த ஒருவருக்கு வழிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, வராதே. உன்னைத் தலைமுழுகியாச்சு. எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருந்தான், போயிட்டான்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பயிற்சி அறைக்கு அவள் திரும்பியபோது முகம் தீயாய் எரிந்துகொண்டிருந்தது. பயிற்சியாளர் உற்சாகமாக இருந்தார். "இது சும்மா பயிற்சித் தளம். என்ன வேணா அடிச்சுப் பாருங்க, எதுவும் ஒட்டாது. ஏதாவது ஒரு ஆசிரியரை எடுத்து மூடிப் பாருங்களேன்." திரையில் இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று பயிற்சிக்கு, ஒன்று நிஜத்துக்கு. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. வித்தியாசம் மேலே ஓடும் பட்டையில்தான். பயிற்சிக்கு மஞ்சள், நிஜத்துக்கு வெள்ளை. கமா அக்காவின் திரை வயதாகிப் பழுத்துப்போன திரை. புதுசு கேட்டு அவள் எழுதாத விண்ணப்பம் இல்லை. அந்தத் திரையில் உலகமே மஞ்சள்தான்.

அண்ணன் பெயரை எடுத்தாள். கோட்டுக்கு அப்பால் நடப்பு வருடத்தை அடித்தாள். ஆதாரம் சொல்லாமல் சிஸ்டம் ஏற்காது. அந்தக் கட்டத்தில் விரல்கள் தாமாகவே, விதி மாறாமல், 'குடும்பத்தார் நேரில் தெரிவித்தது' என்று அடித்து முற்றுப்புள்ளி வைத்தன. 'முத்திரையிடு' என்ற பொத்தானை அழுத்தினாள். நெஞ்சுக்குள் ஏதோ இறங்கினாற்போல ஒரு நிமிடம் லேசாக இருந்தது. பிறகு, பயிற்சிதானே, என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

இப்போது உணவறையில் டிரைவர் சொன்னதைக் கேட்டதும், அன்று எந்தச் சன்னலில் அடித்தோம் என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கை கழுவாமல் எழுந்து போனாள்.

இரவல் பிரிவுக் கணினி புதுசு, வெள்ளையை வெள்ளையாகக் காட்டும். அதில் அண்ணன் பெயரைத் தேடினாள். பெயர், பிறந்த வருடம், கோடு, இன்னொரு வருடம். கீழே ஆதாரம். அதற்கும் கீழே, முத்திரையிட்டவர் என்று அவள் முழுப் பெயர்.

கணினிப் பிரிவில் ஒருவர் இருந்தார். எப்போது பார்த்தாலும் மேசைக்கு அடியில் கிடப்பதால் அவரைக் கேபிள் என்பார்கள். அவரைக் காலைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கொண்டுவந்தாள்.

"அழிச்சுடுங்க."

அவர் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "அக்கா, இதுல அழிக்கிறதுன்னு ஒரு விஷயமே கிடையாது. ஒண்ணோட ஒண்ணு பின்னின சங்கிலி. ஒரு கண்ணியை உருவினா அதுக்குப் பின்னால வந்தது எல்லாம் கழண்டுடும். நீங்க ஏத்தினதுக்கு அப்புறம் எத்தனையோ ஏறிடுச்சு."

"அப்ப தப்புன்னு தெரிஞ்சா என்னதான் பண்றது?"

"தப்புன்னு இன்னொரு கண்ணி போடலாம். பழையது அப்படியே இருக்கும். அதுக்குக் கீழ 'இல்லை, இவர் உயிரோட இருக்கார்'னு வரும். அதுக்கும் வேற ரெண்டு லைப்ரரி ஒத்துக்கணும்."

"ஒத்துக்க மாட்டாங்களா என்ன?"

"ஒத்துப்பாங்க, ஒத்துப்பாங்க" என்றார் கேபிள், அவள் கண்ணைப் பார்க்காமல்.

திருத்தம் போட்டாள். ஒரு நூலகம் உடனே ஒப்புக்கொண்டது. இன்னொன்றிலிருந்து, அவளைப் போலவே கறாரான யாரோ ஒருவர், பதில் எழுதியிருந்தார். 'முந்தைய பதிவின் ஆதாரம் குடும்பத்தார் கூற்று. அதை மறுக்க அதைவிட வலுவான ஆதாரம் தேவை. ஆசிரியர் உயிருடன் இருப்பதை அவரே உறுதிசெய்யும் கடிதம் இருந்தால் இணைக்கவும்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அந்த நாற்காலியில் அவள் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பாள். எழுத்துக்கு எழுத்து.

தலைமை நூலகர் அம்மாவிடம் போனாள். அம்மா அடுத்த வாரத் தொடக்க விழாவுக்குப் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கமா, நீயா இப்படி?"

"நான்தாம்மா."

"இப்போதைக்கு வெளிய மூச்சு விடாதே. ஒரு தப்பும் நுழைய முடியாத சிஸ்டம்னு இப்பதான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

"தப்பு நுழைஞ்சா வெளிய போக முடியாதுன்னும் எழுதுங்கம்மா."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் திட்டவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "உங்க அண்ணன் ஊர்ல இந்த வாரம் மேசை போட்டிருப்பாங்களே?" என்று மட்டும் கேட்டார்.

கமா அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். அதை அவள் யோசிக்கவே இல்லை.

எல்லா நூலகங்களுக்கும் பொதுவான வழக்கம் அது. முந்தின வாரம் மூடப்பட்ட ஆசிரியர்களின் பெயர்களைத் திங்கட்கிழமைதோறும் சிஸ்டமே அனுப்பிவிடும். வாசலருகே ஒரு சிறு மேசையில் அவர்கள் புத்தகங்களை எடுத்து வைத்து, பக்கத்தில் பெயரும் வருடங்களும் எழுதிய அட்டையை நிறுத்துவார்கள். நினைவு மேசை என்பார்கள். அவளே எத்தனையோ முறை அந்த அட்டைகளின் கமாவைச் சரிபார்த்திருக்கிறாள். அண்ணன் ஓய்வு பெற்றபின் தினமும் காலையில் செய்தித்தாள் படிக்கப் போவது அவன் ஊர் நூலகத்துக்குத்தான்.

அந்த நூலகத்துக்குப் போன் போட்டாள். வாசகர் உதவி மேசையிலிருந்து ஒரு குரல், சாவகாசமான குரல், எடுத்தது. அவள் தன் நூலகத்தின் பெயரைச் சொல்லி, நினைவு மேசை பற்றி விசாரிப்பதாகச் சொன்னாள்.

"இன்னிக்குக் காலைலதான் போட்டோம்ங்க. நாலு பேர் இந்த வாரம். உங்க பக்கத்துலேர்ந்து மூடினது ஒருத்தர், லிஃப்ட் நாவல் எழுதினவர். பாவம், நம்ம ஊர்க்காரராமே, நான் பார்த்ததே இல்ல. இங்க மாத்தலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது."

"அதை எடுத்துடுங்க. அது தப்பு. இப்பவே எடுத்துடுங்க."

"தப்பா? சிஸ்டத்துல இருக்கேங்க."

"சிஸ்டத்துல இருக்கு. ஆனா அவர் உயிரோட இருக்கார்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். "அடக் கடவுளே. அப்ப காலைல வந்தாரே ஒருத்தர்..."

"யார்?"

"தொப்பி போட்ட பெரியவர். தினம் பேப்பர் படிக்க வர்றவர்தான், பேர் தெரியாது. மேசைகிட்ட ரொம்ப நேரம் நின்னார். அந்தப் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் எங்கிட்ட வந்து, இது யாரு சொன்னதுன்னு கேட்டார். நான் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினேன். இதுல எல்லாம் வெளிப்படைங்க, யார் ஏத்தினாங்கன்னு யார் வேணா பார்க்கலாம். ஆதாரம் குடும்பத்தாருங்கய்யா, தப்பா இருக்காதுன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார்."

"என்ன சொன்னார்னு கேட்டேன்."

"ஒண்ணுமில்லீங்க... 'தப்பா இருக்காதுப்பா, அவ கமா கூடத் தப்பா போட மாட்டா'ன்னார். நான் ஏதோ தெரிஞ்சவங்க போலன்னு நினைச்சேன். அப்புறம் கீழயே உக்காந்துட்டார். தண்ணி குடுத்தேன், பாதி குடிச்சார். ஆட்டோ கூப்பிடட்டுமான்னு கேட்டேன், நடந்தே போறேன்னார். ஏங்க, லைன்ல இருக்கீங்களா? அவரு உங்களுக்கு..."

"எங்க அண்ணன்" என்றாள். "எப்பப் போனார்?"

"லைப்ரரி தொறந்த கொஞ்ச நேரத்துலயே. இப்ப மத்தியானம் தாண்டிடுச்சே. நான் மேசையை எடுத்துடறேங்க, சத்தியமா எனக்குத் தெரியாது. இப்பவே எடுத்துடறேன்."

"எடுங்க" என்றாள். அட்டையை எடுத்துவிடலாம். அவன் பார்த்ததை எடுக்க முடியுமா?

அண்ணனுக்கு வேறு யாருமில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எனக்கு ஏதாவது ஆனா அவ அழுவாளேன்னு பயந்துக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லித் தட்டிக் கழித்தே காலத்தை ஓட்டிவிட்டான். மூன்றாம் மாடியில் தனி அறை. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. அக்கம்பக்கத்தார் எவருடைய எண்ணும் அவளிடம் இல்லை. ஒரு வருடமாக அவன் எப்படிச் சாப்பிடுகிறான், எந்த மருந்து போடுகிறான் என்றுகூடத் தெரியாது.

மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். அண்ணனின் எண்ணை எடுத்தாள். முதல்முறை கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து அதுவாகவே நின்றது. குளித்துக்கொண்டிருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டாம் முறையும் அப்படியே. தூங்குகிறான். மூன்றாம் முறை அடித்துக்கொண்டிருக்கும்போதே, கோபத்தில் எடுக்காமல் இருக்கிறான், வேண்டுமென்றே இருக்கிறான், இருக்கட்டும், என்று தோன்றியது. அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கோபமாக இருந்தால் நல்லது. எவ்வளவு வேண்டுமானாலும் கோபமாக இருக்கட்டும். ஆனால் அவனுக்குக் கோபமே வராது என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கு வருவதெல்லாம் பயம்தான்.

கணவர் கூப்பிட்டார். எடுத்தாள்.

"என்னம்மா, கேபிள் எனக்குப் போன் பண்ணினார். நீ பேயறைஞ்ச மாதிரி இருக்கேன்னார்."

"அண்ணன் போன் எடுக்கலீங்க."

"நீதானே அவரோட பேச மாட்டேன்னே?"

அவள் விசும்பினாள்.

"சரி சரி, அழாதே. நான் வண்டியை எடுத்துட்டு வரேன். அவர் ஊருக்கே போயிடலாம். எவ்வளவு நேரம் ஆகும், இருட்டறதுக்குள்ள போயிடலாம். என்ன ஆச்சு, அதைச் சொல்லு முதல்ல."

"வாங்க, சொல்றேன். சீக்கிரம் வாங்க. போனை வையுங்க, அவன் கூப்பிடுவான்."

அவன் கூப்பிடவில்லை. கீழே வாசகர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பின்னால் இருந்து ஒருவர், "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க" என்று அவளைக் கடந்து இறங்கினார். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். கை தவறிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டான். திரை மஞ்சள் என்றால் சிரிப்பான். பயிற்சிக்காகத்தான் செய்தேன் என்றால், பயிற்சிக்கு உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்பான். கேட்க மாட்டான், நினைத்துக்கொள்வான். அந்தப் பொத்தானை அழுத்திய நிமிடம் அவள் மனதில் இருந்தது என்ன என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதை எந்த நூலகமும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

ஒன்றும் விளக்க வேண்டாம். அவன் "ம்" என்றால் போதும். அந்த "ம்"மைக் கேட்டதும் அழுதுவிட்டு, நான் வந்துகொண்டிருக்கிறேன், கதவைத் திறந்து வை என்று சொன்னால் போதும்.

மறுபடி எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மூன்றாம் மாடி அறையில் எங்கோ ஒரு மூலையில் அது அடித்துக்கொண்டிருப்பது இங்கே கேட்டது. கீழே தெருவில் கணவரின் ஹாரன் சத்தம் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.